அரை மணி நேரக் கோடு

மறக்கக் கூடாத சங்கதி எதுவானாலும் அவர் அதை இடது முன்கையில் எழுதிக்கொள்வார். மையோ பென்சிலோ வேண்டாம். வலது கை நகத்தால் லேசாக ஒரு கோடு இழுத்தால் போதும். முதலில் அது வெளுத்துத் தெரியும். அப்புறம் சிவக்கும். நாம் இரண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள், தோலுக்கு அடியில் ஒரு சணல் கயிற்றை வைத்துத் தைத்தது போல அந்தக் கோடு தடித்து எழும்பி நிற்கும். மூன்றாம் கட்டிலுக்கு மருந்து கொடுக்க வேண்டுமென்றால் மூன்று கோடு. டாக்டர் யாரையாவது கூப்பிடச் சொல்லியிருந்தால் ஒரு சுழி. படிப்பு அவருக்கு அவ்வளவுதான்.

பெரம்பலூரில் அப்போது இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் அவர் ஆயா. நான் கம்பவுண்டர். அரியலூரிலிருந்து வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரைப் பற்றி ஒரு தடவை நாலு பேர் நடுவில் பேசினேன். அதுவே போதும்.

யுத்த காலம் அது. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே சுவர்க் கடிகாரம் பழுது பார்க்கத் திருச்சிக்குப் போனது, திரும்பி வரவில்லை. டாக்டர் கையில் ஒரு வாட்ச் உண்டு, ஆனால் டாக்டர் பாதி நேரம் வெளியே இருப்பார். ஊசிகளையும் சிரிஞ்சுகளையும் கொதிக்க வைக்கும்போது நேரம் பார்க்க எனக்கு வழியில்லை. அதற்கும் அக்காவின் கைதான். தண்ணீர் கொதி வந்ததும் ஒரு கோடு இழுத்துவிட்டுத் தரை துடைக்கப் போய்விடுவார். கோடு தானாக வடிந்து தோல் பழையபடி ஆனதும் கதவருகே வந்து நிற்பார்.

"அமுங்கிடுச்சு தம்பி. எடுத்துடலாம்."

டாக்டர் ஒரு தடவை இதைக் கேள்விப்பட்டு, நாலைந்து நாள் தன் வாட்சை வைத்துச் சோதித்துப் பார்த்தார். அரை மணிக்கு இரண்டு நிமிஷம் முன்னே பின்னே இருந்தது. "என் வாட்சை விடத் தேவலாம்" என்றார்.

அந்தத் தடிப்பு ஏன் வருகிறது என்பதை எனக்குச் சொன்னவரும் டாக்டர்தான். தோல் உரசப்படும்போது உள்ளேயிருந்து ஒரு சரக்கு கசிகிறது, அதற்கு ஹிஸ்டமின் என்று பெயர், பக்கத்து ரத்தக் குழாய்களுக்கு அது ஆள் அனுப்பி வாசலைத் திற என்று சொல்கிறது, உடனே ரத்தத்திலிருக்கும் நீர் வெளியே வந்து அந்த இடம் வீங்கிவிடுகிறது என்று விளக்கினார். எல்லார் தோலிலும் அது உண்டு. நமக்குக் கொசு கடித்தால்தான் ஆள் போகும், இந்த அம்மாவுக்கு நகம் பட்டாலே போய்விடுகிறது. "காயம் இல்லப்பா இது. பொய்ச் செய்தி. கொஞ்ச நேரத்துல உடம்பே புரிஞ்சுக்கிட்டு அடங்கிடும்" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஹிஸ்டமின் என்ற சொல்லை ஊரில் டாக்டருக்கு அடுத்தபடி தெரிந்தவன் நான்தான் என்ற நினைப்பும் பிடித்திருந்தது.

கம்பு அடிக்கிற மாதங்களில் அக்கா பாடு திண்டாட்டம். களத்துச் சுணைத் தூசி காற்றில் வந்தாலே உடம்பு பூராவும் திட்டுத் திட்டாகத் தடித்து, கண் இமை இரண்டும் வீங்கி மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்திருக்கும், காணாக்கடி என்றார்கள். சிறுவாச்சூர் அம்மனுக்கு என்னவோ குறை வைத்துவிட்டாள் என்று அவர் மாமியார் அழைத்துப் போய்த் திருநீறு பூசிக் கூட்டி வந்தார். டாக்டர் கால்சியம் ஊசி போட்டுப் பார்த்தார். இரண்டாலும் பெரிய பலன் இல்லை. நான் அரிப்புக்குக் காலமைன் பூச்சு கலந்து கொடுப்பேன். முகமெல்லாம் வெள்ளையாகப் பூசிக்கொண்டு அவர் வார்டில் நடந்து போவதைப் பார்த்துக் குழந்தைகள் அழும்.

பாடாலூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார். அக்கா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அம்மாள் பாத்திரத்தைத் தள்ளிவிட்டார். பெருவியாதிக்காரி கையால் எம்மவ சாப்பிட மாட்டா என்று சத்தம். குஷ்டம் என்று நினைத்துவிட்டார். வேறு யாராயிருந்தாலும் அழுதிருப்பார்கள், அல்லது திட்டியிருப்பார்கள். அக்கா கஞ்சியை மூடி வைத்துவிட்டு அந்த அம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"உங்க நகத்தால நீங்களே ஒரு கோடு போடுங்க ஆத்தா."

அந்த அம்மாள் பயந்து பயந்து போட்டார். தடித்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளப் போனார்.

"இருங்க. அமுங்கட்டும், அப்பறம் பேசலாம்."

இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தோல் பழையபடி ஆனதும், அக்கா கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பெருவியாதின்னா இப்படிப் போவுமா என்று கேட்டார். அந்தத் தாய் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

இதுதான் அக்கா. யார் கேட்டாலும் கையை நீட்டிவிடுவார். மறைக்க ஒன்றுமில்லை, பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். நோயாளிகளுக்குள் சண்டை வந்தாலும், டாக்டர் என்னைக் கோபித்துக்கொண்டாலும், "அமுங்கட்டும், அப்பறம் பேசலாம்" என்பதே அவர் வைத்தியம்.

இந்தக் குணத்தை நான் எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். அரியலூரிலிருந்து என் சிநேகிதன் ஒருவன் வந்திருந்தபோது, அக்காவைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்லி, மருந்துக் குச்சியின் முனையால் என் பெயரை இங்கிலீஷில் எழுதினேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பியதைப் பார்த்து அவன் வாயைப் பிளந்தான். நான் சர்க்கஸ் காட்டுகிறவனைப் போல நின்றேன்.

"என்ன எழுதியிருக்கீங்க தம்பி?"

"என் பேருதான் அக்கா."

"எங் கையில உங்க பேரா. இது அமுங்கற வரைக்கும் அவரு இந்தப் பக்கம் வராம இருக்கணும்" என்று சிரித்தபடி முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார். நாங்களும் சிரித்தோம். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவரு என்றது அவருடைய கணவரை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஓடிய கரி பஸ்ஸின் டிரைவர். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பஸ்ஸின் பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றை மாட்டி, கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். அப்படிப்பட்ட வண்டியைத் தினம் ஓட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவருகிறவருக்கு ஊரில் இருந்த மரியாதை தாசில்தாருக்கு இல்லை. வாட்டசாட்டமான ஆள், இனிமையாகப் பேசுவார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் யாரையாவது எழுப்பிவிட்டுத் தன் பக்கத்து சீட்டை எனக்குக் கொடுப்பார். மேட்டில் என்னை இறங்கித் தள்ள விடமாட்டார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா துணி மூட்டையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பின்கட்டில் காலியாக இருந்த சாமான் அறையில் தங்கிக்கொள்ள டாக்டரிடம் கேட்டார். டாக்டர் காரணம் கேட்கவில்லை, சரி என்று சொல்லிவிட்டுக் குடும்ப விஷயமாகப் பத்து நாள் லீவில் சென்னைக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை அக்கா என் அறைக்கு வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"தம்பி, மருந்து ஏதாச்சும் போட்டு வுடுங்க. துணி ஒரசுனா உயிர் போவுது."

தோளிலிருந்து கீழே வரை விரல் கனத்தில் நீளமான தடங்கள். நீலம் பாரித்து, ஓரங்கள் பச்சையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பஸ்ஸுக்குக் காற்றடிக்கிற ரப்பர் குழாய் என்றார்.

"ஞாயித்துக்கெழம அடிச்சது. நாலு நாள் ஆச்சு. அமுங்கல, பாருங்க."

பார்த்தேன். என் கையால்தான் மருந்து தடவினேன். இதை நான் திரும்பவும் எழுதுகிறேன், ஏனென்றால் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை. என் கையால்தான் தடவினேன்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மாலை, பஸ் முதலாளியின் ஷெட்டுக்கு என்னை வரச் சொன்னார்கள். கரி மூட்டைகளை ஒரு ஓரமாக அடுக்கிவிட்டு, பெஞ்சுகளில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் நிலபுலன் உள்ளவர்கள், ஊர்ப் பெரியவர்கள். ஒரு பக்கம் டிரைவர் கைகட்டி நின்றார். இன்னொரு பக்கம் அக்கா. முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க கம்பவுண்டர் சார். இப்படி உக்காருங்க" என்று தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அங்கே இரண்டே நாற்காலிகள் இருந்தன. நான் உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் பெரிய விசயம் இல்ல. இந்தப் பொண்ணு புருசன் அடிச்சான்னு வூட்டை வுட்டு வந்துடுச்சு. எங்க வூட்டுப் பொம்பளைங்க உள்ள கூட்டிப்போயிப் பாத்தாங்க. முதுகுல தடிப்பு இருக்குதுன்னாங்க. இவன் என்ன சொல்றான்னா, அவ ஒடம்பே அப்படித்தான், தொட்டாலே தடிக்கும்ங்கறான். நீங்க படிச்சவங்க. டாக்டரும் ஊர்ல இல்ல. நீங்க சொன்னாச் சரி."

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் என் வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. நான் ஹிஸ்டமினைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் எனக்குச் சொன்ன மாதிரியே, ஆள் அனுப்புவது, வாசல் திறப்பது எல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர், அதை ஒரு தடவை காட்ட முடியுமா என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் உடனே முன்னால் வந்து கையை நீட்டினார். நான் அவருக்காகப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்த பென்சிலின் மழுங்கின முனையால் ஒரு கோடு இழுத்தேன். வெளுத்தது, சிவந்தது, எழும்பியது. பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். "அடேயப்பா, சும்மா தொட்டதுக்கே" என்றார் ஒருவர். டிரைவர் தலையைக் குனிந்தபடி நின்றார்.

"அப்ப அடிக்காமலேயும் தடிக்கும்" என்றார் முதலாளி.

"தடிக்கும்" என்றேன். அது உண்மைதான்.

அக்கா கையை மடக்கவில்லை. "தம்பி, இது எவ்வளவு நேரம் இருக்கும்னும் சொல்லுங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "செத்த நேரம் இருந்து பாருங்கய்யா. இது அமுங்கிடும். முதுகுல இருக்கறது ஆறு நாளா இருக்கு."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

அவர் கேட்ட தொனி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதில் மிரட்டல் எதுவும் இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு வேளை கேட்டுக்கொண்டிருக்கலாம். அரை மணிதான், அதை நம்பித்தான் தினமும் ஊசி கொதிக்க வைக்கிறேன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அதற்கு முன் சொன்னதெல்லாம் கவிழ்ந்துவிடும். தலையாட்டினவர் தலையாட்டியதை நிறுத்திவிடுவார். பஸ்ஸில் டிரைவர் முகத்தில் விழிக்க வேண்டும். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

"சில பேருக்கு நாள் கணக்காகவும் இருக்கும்" என்றேன்.

அக்கா நீட்டிய கையை அப்போதுதான் மடக்கினார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். வழி தெரிந்த ஊரில் தெரு மாறி வந்துவிட்டவர் சுற்றிப் பார்ப்பது போல இருந்தது. அன்று இரவே அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அதற்கு அடுத்த தடவை ஊருக்குப் போனபோது டிரைவர் வழக்கம்போலப் பக்கத்து சீட்டைக் கொடுத்தார். "நல்ல சமயத்துல வந்து மானத்தைக் காப்பாத்துனீங்க சார்" என்றார். நான் அவர் சொன்னதற்குச் சிரித்தேன். மேட்டில் மற்றவர்கள் இறங்கித் தள்ளினார்கள்.

வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் அக்கா வேலைக்கு வந்தார். நான் சிரிஞ்சுகளைக் கொதிக்க வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"நேரத்த நீங்களே பாத்துக்கங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் அவர் கையில் கோடு பார்த்ததே இல்லை. ஞாபகத்துக்கு முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். டாக்டரிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் போனது. சுதந்திரம் வந்து, பஸ் கரியிலிருந்து பெட்ரோலுக்கு மாறிவிட்டது. டாக்டர் சென்னையிலிருந்து ஒரு புது மாத்திரை கொண்டுவந்தார். தோலில் கசிகிற அந்தச் சரக்கு ரத்தக் குழாயிடம் போய்ச் சேராமல் வழியிலேயே தடுத்துவிடும் மாத்திரை. முதலில் அக்காவுக்குத்தான் கொடுத்தார். தூக்கம் தூக்கமாக வந்தது, வாளியைப் பிடித்தபடியே கண் சொக்கினார். ஆனால் ஐந்தாம் நாள் டாக்டர் தன் பேனா முனையால் அவர் கையில் கோடு இழுத்தபோது லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். எழும்பவில்லை.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அக்கா கையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே என் ஒடம்பு தானாத் தடிக்காதுங்களா சார்?"

"மாத்திரை சாப்பிடற வரைக்கும் தடிக்காதும்மா."

"இத நீங்க ஒரு காயிதத்துல எழுதித் தர முடியுங்களா?"

டாக்டர் சிரித்தார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தேன், அதையே தொடர்ந்து இடித்தேன். மறுநாள் காலையில் அக்கா வந்து ஜன்னலருகே கையை நீட்டினார், மாத்திரைக்காக. உள்ளங்கையில் வைத்தேன். தினமும் வைத்தேன். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் அது நடந்தது. மாத்திரைத் தூக்கத்தில் சோறு வடிக்க நேரமாகிவிட்டதாம், அதற்கு மறுபடி ரப்பர் குழாயால் அடி. அக்கா விடிந்ததும் நேரே டாக்டரிடம் போனார். முதலில் கையை நீட்டிக் கோடு போடச் சொன்னார். தடிக்கவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி மருத்துவச்சியம்மாவைக் கூட வைத்துக்கொண்டு முதுகைக் காட்டினார். டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"நான் சொல்லச் சொல்ல நீ எழுது."

எத்தனை தடம், எவ்வளவு நீளம், என்ன நிறம் என்று அவர் அளந்து சொல்ல நான் எழுதினேன். தானாகத் தடிக்கும் தன்மை மருந்தால் அடங்கியிருக்கிறது, ஆகவே இவை அடியால் உண்டானவை என்று முடித்தார். என் கையெழுத்தில்தான் அந்தக் காகிதம் இருந்தது. கீழே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"சொன்னேன் சார்" என்றார் அக்கா.

யாரிடம் என்று டாக்டர் கேட்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. நான் மை ஒற்றும் தாளை எடுத்து, ஏற்கெனவே காய்ந்துவிட்ட எழுத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அந்தக் காகிதத்தை முதலாளியிடம் தானே கொண்டுபோய்க் காட்டினார். அக்காவை வீட்டுக்கு அனுப்பு என்று மறுபடி யாரும் கேட்கவில்லை. திருச்சியில் தனக்குத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி அக்காவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். அவர் பஸ் ஏறிய நாளில் நான் ஸ்டோரில் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதற்கு அவசரம் எதுவும் இல்லை.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரை அரியலூர் ரயிலடியில் பார்த்தேன். தங்கையைப் பார்க்க வந்துவிட்டுத் திருச்சி வண்டிக்காகக் காத்திருந்தார். சதை போட்டிருந்தார், கையில் ஒரு ரேடியம் வாட்ச். என்னைப் பார்த்ததும் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். என் அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அந்தப் பரிவு தாங்காமல் நான் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு ஷெட்டுல நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் தம்பி."

"மன்னிச்சுடுங்க."

அவர் வாட்சைப் பார்த்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சவகிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க? எந் தங்கச்சி மவளப் பொண்ணு கேட்டு வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்க. பெரியம்மாக்காரி புருசன் மேல வீண்பழி போட்டுட்டு ஓடிப்போனவன்னு ஊருல பேச்சு. கம்பவுண்டரே கோடு போட்டுக் காட்டுனாருன்னு சொல்றாங்களாம்." வண்டி வரும் சத்தம் கேட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "டாக்டர் காயிதம் நாலு பேருக்குத்தான் தெரியும். நீங்க சொன்னது ஊருக்கே தெரியும். அன்னிக்கு அங்க உக்காந்திருந்தாங்களே, அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க தம்பி. எனக்கு வேணாம்."

போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வண்டி ஏறியதும் ஜன்னலிலிருந்து தலையசைத்தார்.

அன்று சாயங்காலமே பெரம்பலூரில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காபி கிளப்பில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரோடு அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்களில் மூன்று பேர். தலையாட்டினவரும் இருந்தார். இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்திருக்காது.

"வாங்க கம்பவுண்டர் சார், அரியலூர்ல மழை உண்டா?" என்றார் முதலாளி.

நான் போய் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு காபி சொன்னார்கள். அரியலூரில் தூறலோடு நின்றுவிட்டது என்றேன். இந்த வருஷம் கடலை தேறாது என்றார் ஒருவர். ஆமாம், தேறாது என்றேன். காபி தீரும்வரை மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.